கதவாணியில் ஒரு சட்டை

நேற்று இரவு எட்டரைக்கு மகளின் லைஃப் ஜாக்கெட்டை ஊதி முடித்தேன். வாயால்தான் ஊத வேண்டும். உள்ளே சின்ன எஃகுக் குப்பி ஒன்றில் வாயு இருக்கிறது, ஆனால் அது தண்ணீரில் விழும் நாளுக்கானது. சோதனைக்கு நம் மூச்சு போதும். மடிப்புக்குள் ஒளிந்திருந்த குழாயை உருவி உதட்டில் வைத்து இருபது முப்பது தடவை ஊதினேன். கருப்பு உறை பிரிந்து மஞ்சள் பை வெளியே வந்தது. தோளில் போட்ட துண்டு போல் இருந்த பொருள், பலாப்பழத்தை இரண்டாகப் பிளந்து கழுத்தில் மாட்டினாற்போல் ஆகிவிட்டது. அதைப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் மாட்டினேன். இன்று இரவு எட்டரை வரை அது அப்படியே விறைப்பாக நிற்க வேண்டும். 24 மணி நேரத்தில் கொஞ்சம் தளர்ந்தாலும் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

மகள் தை பிறந்ததும் பாய்ப்படகில் புதுச்சேரி வரை போகிறாள். ஐந்து பேர். ஒரு பகல், ஓர் இரவு. வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளும், போகும்போது சுகமான ஓட்டம் என்கிறாள். நான் அந்த இரவைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபோது, கதவுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. அதே ஆணி. வீட்டுக்கு மூன்று முறை வெள்ளையடித்தாயிற்று, கதவையே மாற்றியாயிற்று, ஆனால் ஆணியை மட்டும் தச்சரிடம் சொல்லிப் பழைய இடத்திலேயே அடிக்க வைத்தேன். ஏன் என்று மனைவி கேட்கவில்லை.

அந்த ஆணியில் முதலில் தொங்கியது சித்தப்பாவின் லைஃப் ஜாக்கெட். அவர் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பல்களில் வேலை பார்த்தவர். 2009இல் சிங்கப்பூரில் வாங்கி வந்தார். விமானத்தில் கொண்டுவரக் குப்பி விஷயமாகப் பாதுகாப்புச் சோதனையில் அரை மணி நேரம் நின்றாராம். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கினால் தானாக ஊதும் சட்டை ஒன்றைக் குப்பியோடு கொண்டுபோக விதியில் இடம் உண்டு. அவர் சொல்லித்தான் வைத்திருந்தார். ஆனாலும் அன்றைக்கு அங்கே இருந்தவருக்கு அது புரியவில்லை. கடைசியில் உபரிக் குப்பி ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

கூடத்தில் நின்று எங்களுக்கு அதைப் போட்டுக் காட்டினார். "கப்பல்ல குடுக்குறது பெரிய ஆரஞ்சுக் கட்டைடா. கப்பல் முழுகும்போதுதான் அதைப் போடுவான். இது வேலை செய்யும்போதே போட்டிருக்கலாம். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்." அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூரில், கடலிலிருந்து இத்தனை தூரம் தள்ளி இருக்கும் வீட்டில் லைஃப் ஜாக்கெட் எதற்கு? அம்மாவும் அதைத்தான் கேட்டாள். சித்தப்பா சிரித்துக்கொண்டே, "இருக்கட்டும் அண்ணி, இந்த வீட்லதான் எனக்குன்னு ஒரு ஆணி இருக்கு" என்றார். 2012இல் அவர் போனபிறகு அதை யாரும் ஆணியிலிருந்து எடுக்கவில்லை.

அம்மாவுக்கு மிதக்கும் பொருள்களைப் பற்றி அவளுக்கே உரிய அறிவு ஒன்று இருந்தது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமம். கிணற்றில் நீச்சல் கற்றவள். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி அவளுடைய தாத்தா உள்ளே தள்ளிவிட்டாராம். "குடுக்கை முதுகுல இருக்குறதே தெரியாதுடா. எட்டு நாள் கழிச்சுத் தாத்தா அவுத்துட்டாரு, அதுவும் எனக்குத் தெரியல. நீந்திக்கிட்டே இருந்தேன்." இதை நூறு முறை சொல்லியிருப்பாள். மின்தடை வரும் இரவுகளில் விசிறியோடு சேர்ந்து இந்தக் கதையும் வரும்.

அவள் தலைக்கு வைத்துப் படுத்தது இலவம்பஞ்சுத் தலையணை. போடியிலிருந்து வந்த பஞ்சு. பருத்தியை அவள் தலைக்குச் சேர்க்கமாட்டாள், சூடு என்பாள். இலவு காத்த கிளியைப் பழமொழியில் ஏமாளியாக்கிவிட்டோம். அந்தப் பஞ்சின் அருமையை ஒரு காலத்தில் உலகத்துக் கடற்படைகள் எல்லாம் அறிந்திருந்தன. இலவின் இழை ஒவ்வொன்றும் உள்ளே வெற்றுக் குழாய், மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீர் எளிதில் ஏறாது. தன் எடையைப்போலப் பல மடங்கு பாரத்தை மிதக்க வைக்கும். இரண்டாம் உலகப் போர்வரை லைஃப் ஜாக்கெட் என்றால் பெரும்பாலும் இலவம்பஞ்சுதான். ஜாவாவை ஜப்பான் பிடித்ததும் அமெரிக்காவுக்குப் பஞ்சு வருவது நின்றுபோனது. அங்கே பள்ளிப் பிள்ளைகளை அனுப்பி, எருக்கின் உறவுக்காரச் செடி ஒன்றின் காய்களைப் பறிக்க வைத்து, அந்தப் பஞ்சைத் திணித்தார்கள்.

அதற்கும் முன்னால் தக்கை. 1854இல் இங்கிலாந்தின் உயிர்மீட்புப் படகுச் சங்கத்தில் இருந்த கேப்டன் வார்ட், தக்கைத் துண்டுகளைக் கான்வாஸில் வரிசையாகத் தைத்து ஒரு சட்டை செய்தார். 1861 பிப்ரவரியில் விட்பி என்ற ஊரில் புயலில் மாட்டிய கப்பல்களைக் காப்பாற்றப் போன படகு கவிழ்ந்தது. பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் போய்விட்டார்கள். மிஞ்சியவர் ஹென்றி ஃப்ரீமன். அந்தப் புதுத் தக்கைச் சட்டையை உடம்பில் கட்டியிருந்தவர் அவர் ஒருவர்தான். துடுப்பு போடுகிறவனுக்கு மார்பிலும் முதுகிலும் தக்கைக் கட்டைகள் எவ்வளவு இடைஞ்சலாக இருந்திருக்கும்! மற்றவர்கள் அதை வேண்டாம் என்று நினைத்திருந்தால் நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். என் அம்மாவையும் நான் குறை சொன்னதில்லை.

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. நவம்பர் நடுவிலேயே ஒருமுறை தண்ணீர் வந்து போயிருந்தது. முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் அப்போதே படகு ஓடியது. வீட்டைக் கழுவி, மெத்தையைக் காயவைத்து, இனி வராது என்று நம்பியிருந்தோம். அன்று விடியற்காலையில் தொடங்கிய மழை நிற்கவில்லை. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது என்று பிறகு சொன்னார்கள். நகரத்தில் இருப்பவர்களுக்கு அடையாறு என்றால் பாலத்துக்குக் கீழே ஓடும் அகன்ற ஆறு, கடலோரத்தில் ஒரு பேட்டை. எங்களுக்கு அது ஆதனூர், மணிமங்கலம் ஏரிகள் நிறைந்தால் வீட்டுப் பின்பக்கம் வந்து நிற்கும் தண்ணீர். எங்கள் பக்கம்தான் அது ஆறாகத் தொடங்குகிறது. செம்பரம்பாக்கத்தைப் பற்றி ஊரே பேசியது. ஆனால் செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் எங்களுக்குக் கீழேதான் ஆற்றில் சேர்கிறது. எங்களை முழுகடித்தது எங்கள் தலைக்கு மேலே இருந்த ஏரிகளின் தண்ணீர்.

இரவு ஒன்பது மணிக்கு வாசற்படி முழுகியது. அரை மணியில் முழங்கால். மின்சாரம் இல்லை, போனில் சிக்னல் இல்லை. இரண்டு வீடு தள்ளி மாடி இருந்தது, அங்கே போய்விடுவது என்று முடிவானது. மகளுக்கு அப்போது ஒன்பது வயது, அவளை மனைவி தோளில் தூக்கிக்கொண்டாள். எனக்குச் சட்டென்று ஆணி ஞாபகம் வந்தது. சித்தப்பாவின் ஜாக்கெட்டை எடுத்து அம்மாவுக்கு மாட்டினேன்.

அது அம்மாவுக்குச் சேரவில்லை. பெரிய உடம்புக்காரருக்கு வாங்கியது. அம்மா ஐந்தடிக்கும் குறைவு. கழுத்துப் பக்கத்து விறைப்பான விளிம்பு தாடைக்குக் கீழே குத்தியது. பாரம் முழுக்கப் பிடரியில். இடுப்புப் பட்டையை எவ்வளவு இழுத்தாலும் தொளதொளவென்றே இருந்தது. ஜாக்கெட் மேலே ஏறிப்போகாமல் இருக்கத் தொடைகளுக்கு நடுவே ஒரு பட்டை கொண்டுவந்து முன்னால் மாட்ட வேண்டும். புடவை கட்டிய அறுபத்தெட்டு வயது அம்மாவிடம், இருட்டில், இடுப்பளவுக்கு ஏறிக்கொண்டிருக்கும் தண்ணீரில் நின்றபடி நான் அதைச் சொல்லத் தயங்கினேன். அவள் புரிந்துகொண்டாள். "வேணான்டா. கழுத்த இறுக்குது. இத மாட்டிக்கிட்டு நான் நடக்க மாட்டேன்." கழற்றினாள். அந்த அவசரத்திலும் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கத்தில் அதை ஆணியிலேயே மாட்டினாள்.

தெருவில் இறங்கினோம். பத்தடி போயிருப்போம். பக்கத்து மனைக்கு முன்னால் மூடியில்லாத கால்வாய் இருப்பது எனக்குத் தெரியும், தண்ணீருக்கு அடியில் எங்கே என்றுதான் தெரியவில்லை. அம்மா கையிலிருந்து நழுவினாள். கிணற்றில் எட்டு நாளில் நீந்தக் கற்றவள், ஈரப்புடவை காலைச் சுற்ற ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே போனாள். சத்தம் இல்லாததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நான் கையை விட்டுத் துழாவினேன். கொண்டை கையில் பட்டது. கொண்டையைப் பிடித்துத் தூக்கினேன். இருமினாள். என்னைத் திட்டினாள். மாடிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

காலை எட்டரைக்கு எழுந்துபோய் அமுக்கிப் பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் விறைப்பு குறையவில்லை.

மகள் இதைத் தேர்ந்தெடுக்க இரண்டு மாதம் எடுத்துக்கொண்டாள். அவள் முதலில் முட்டுக்காட்டில் துடுப்புப் படகில் பழகினாள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நேத்ரா குமணன் பாய்ப்படகு ஓட்டியதைப் பார்த்த பிறகு பாய்தான் வேண்டும் என்று நின்றாள். இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குப் போன முதல் பெண் சென்னைக்காரி என்பது இந்த வீட்டில் பெரிய செய்தி. சின்னப் படகில் நாளைக்குப் பத்து முறை கவிழ்வார்கள். அதற்கு ஃபோம் வைத்த மெல்லிய சட்டை போதும், 50 நியூட்டன். தானாக ஊதும் சட்டையைப் போட்டுக்கொண்டு போனால் முதல் கவிழ்ப்பிலேயே வெடித்துவிடும், பிறகு பாய்மரக் குறுக்குக்கட்டைக்குக் கீழே குனிய முடியாது. பெரிய படகு வேறு மாதிரி. அதில் நாள் முழுக்க நனையாமலேயே இருக்கலாம். ஆனால் விழுந்தால் ஒரேயொரு முறைதான் விழுவார்கள். படகு திரும்பி வருவதற்குள் அரை மைல் போயிருக்கும். அதற்கு 150. ஐஎஸ்ஓ 12402 என்ற தரநிலையில் அந்த எண்ணைப் பார்க்கலாம். தோராயமாக 15 கிலோவைத் தாங்கும் மிதப்பு. மனிதத் தலையின் எடை ஐந்து கிலோதான், தலையை மட்டும் மேலே வைத்திருக்க இவ்வளவு தேவையில்லை. மயங்கிக் குப்புறக் கிடக்கிறவரை மல்லாக்கப் புரட்டி, வாயை அலைக்கு மேலே நிறுத்துவதற்குத்தான் மீதி. 275 நியூட்டனிலும் இருக்கிறது. கனத்த உடுப்பும் கருவிகளுமாக வேலை பார்ப்பவர்களுக்கு. என் பயத்துக்கு அதையே வாங்கச் சொன்னேன். "அது கழுத்துல கல்லு மாதிரி இருக்கும்பா. ரெண்டு மணி நேரத்துல கழட்டிடுவேன்" என்றாள். அதற்குமேல் நான் பேசவில்லை.

பாரிமுனைப் பக்கம் கப்பல் சாமான் விற்கும் கடை ஒன்றில் மூன்றைப் போட்டுப் பார்த்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். முதல் சட்டை அழகானது, ஆனால் பிடரியில் உட்கார்ந்தது. இரண்டாவது, மார்புக்கு நடுவில் கொக்கி. பெண்கள் உடம்பை யோசிக்காமல் வெட்டியது என்று கழற்றினாள். மூன்றாவதைப் போட்டதும் முகம் மாறியது. பாரம் கழுத்தில் இல்லை, இரண்டு தோளிலும் பரவியிருந்தது. கழுத்தைச் சுற்றி விளிம்பு விலகி இருந்தது, உள்பக்கம் மெத்தென்ற துணி. முதுகுப் பட்டையைக் கூட்டிக் குறைக்கலாம். இடுப்புப் பட்டைக்கும் மார்புக்கும் நடுவில் மூடிய முஷ்டி ஒன்று மட்டும் நுழையும்படி இறுக்கினாள். தொடைப் பட்டைகள் ஒன்றுக்கு இரண்டாக, ரப்பர் தந்த நெகிழ்வோடு. குனிந்தாள், உட்கார்ந்தாள், கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு இழுகயிற்றின் கைப்பிடியைத் தேடினாள். விசில் எங்கே, விளக்கு எங்கே, முகத்துக்கு மேலே இழுத்துவிடும் திரை எங்கே என்று ஒவ்வொன்றாகத் தொட்டாள். மார்பில் இரும்பு வளையம் ஒன்று. இரவில் அதில்தான் கயிற்றை மாட்டிப் படகோடு தன்னைக் கட்டிக்கொள்வாள். விழாமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு, மிதப்பது இரண்டாவது என்று கடைக்காரரிடம் அவளே சொன்னாள்.

எப்படி ஊதும் என்பதில் மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். சித்தப்பாவுடையதில் தண்ணீர் பட்டால் கரையும் வில்லை ஒன்று உண்டு. அது கரைந்ததும் ஸ்பிரிங் விடுபட்டு, ஊசி குப்பியைக் குத்தும். எளிய ஏற்பாடு, விலையும் குறைவு. ஆனால் வில்லைக்கு ஈரம் ஆகாது. ஐப்பசி முதல் மார்கழி வரை சுவரே வியர்க்கும் எங்கள் வீட்டில், அலமாரியில் கிடந்தே அது இளகிப்போகலாம். படகில் பலத்த சாரலுக்குக்கூடத் திறந்துகொள்ளலாம். இன்னொரு வகை தண்ணீரின் அழுத்தத்தை உணர்ந்து ஊதும். பத்து சென்டிமீட்டர் ஆழம் போனால்தான் திறக்கும். மழை, சாரல், ஈரக்காற்று எதற்கும் அசையாது. விலை அதிகம். அதையே வாங்கினேன். எதிர்பாராத நேரத்தில் ஒருமுறை வெடித்துப் பயமுறுத்தினால், அடுத்த முறை அதைப் போட மனம் வராது.

போட மனம் வராத சட்டைகளோடுதான் நாங்கள் வளர்ந்தோம். பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு படகுத்துறைக்குப் போனோம். எந்த ஊர் என்பது வேண்டாம். மூலையில் ஆரஞ்சுக் குவியல். முந்தின ஆள் கழற்றிப்போட்ட வியர்வை காயாத சட்டை, நாடா அறுந்தது, பூஞ்சை வாடை. அப்பா தன் பங்கைத் தோளில் சும்மா போட்டுக்கொண்டார். அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். படகோட்டி ஒன்றும் சொல்லவில்லை. 2009 செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தபோது, எனக்கு அந்த ஆரஞ்சுக் குவியல்தான் கண்ணில் நின்றது. கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். உடம்பில் சட்டை இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்களும் அதில் இருந்தன. அது கட்டாயம் என்று பலகை எழுதி வைப்பதோடு, துவைத்துக் காயவைத்து அளவுவாரியாக மாட்டி வைத்தாலே பாதிப் பேர் தானாகப் போட்டுக்கொள்வார்கள் என்று நான் நம்புகிறேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போது விமானப்படைத் தளத்துப் பக்கம் ஓர் எஞ்சின் சத்தம். தாம்பரத்தில் வீடு இருந்தால் இது பழகிவிடும், பேச்சை அரை நிமிடம் நிறுத்திவிட்டுத் தொடர்வோம். 2016 ஜூலை 22ஆம் தேதி காலை எட்டரைக்கும் அப்படி ஒரு சத்தம் இந்த ஊருக்கு மேலே போயிருக்கும். யார் கவனித்தார்கள்? ஏஎன்-32 விமானம், 29 பேர், போர்ட் பிளேருக்கு. வங்காள விரிகுடாவுக்கு மேலே போனது, திரும்பவில்லை. கப்பல்களும் விமானங்களுமாக வாரக்கணக்கில் தேடினார்கள். ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில்தான் பதில் வந்தது. சேலையூர், கேம்ப் ரோடு, மேடவாக்கம் தாண்டிப் போனால் பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அவர்கள் அனுப்பிய ஆளில்லா நீர்மூழ்கி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் சிதறிக் கிடந்த துண்டுகளைப் படம் பிடித்து வந்தது. புறப்பட்ட இடமும் கண்டுபிடித்தவர்கள் இருக்கும் இடமும் ஒரே சாலையில், ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில். அந்த ஆழத்துக்கு எந்தச் சட்டையும் மருந்தில்லை. இருந்தும் அந்தச் செய்தி வந்த அன்று நான் போய்க் கதவாணியைத் தொட்டுப் பார்த்தேன். கடல் எங்களுக்குத் தூரம் என்று நினைத்திருந்த காலம் எப்போதோ போய்விட்டது.

வெள்ளம் வந்த அந்த இரவு மாடியில் இருபது பேருக்குமேல் இருந்தோம். மெழுகுவத்தி தீர்ந்துவிட்டது. மழைச் சத்தமும் தண்ணீர் ஓடும் சத்தமும் தவிர ஒன்றுமில்லை. மகள்தான் முதலில் பார்த்தாள். கைப்பிடிச் சுவரை எட்டிப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நம்ம வீட்ல யாரோ இருக்காங்க" என்றாள்.

எங்கள் படுக்கையறை ஜன்னலில் வெளிச்சம். விட்டு விட்டு. ஒரு மினுக்கு, இருட்டு, மறுபடி ஒரு மினுக்கு. தெரு முழுக்கக் கும்மிருட்டு, அந்த ஒரு ஜன்னல் மட்டும் கண் சிமிட்டியது. டார்ச்சோடு யாரோ நிற்கிறார்கள் என்று ஒருவர் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். பதில் இல்லை. இறங்கிப் போகிறேன் என்று இன்னொருவர் எழுந்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் ஆணியில் தொங்கிய சட்டையை எட்டிவிட்டது. வில்லை கரைந்து, குப்பி வெடித்து, மஞ்சள் பை விரிந்து, தண்ணீர் பட்டால் எரியும் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. ஆறு வருடம் பழசான சட்டை, யாரும் ஒருநாளும் சோதித்துப் பார்க்காத சட்டை, தன் வேலையைத் தவறாமல் செய்துகொண்டிருந்தது. உள்ளே ஆள்தான் இல்லை.

அம்மா ஈரப்புடவையோடு என் பக்கத்தில் நின்று வெகுநேரம் அதைப் பார்த்தாள். "உங்க சித்தப்பன் நல்ல சாமானாத்தான் வாங்கியிருக்கான்" என்றாள். பிறகு கழுத்தைத் தடவிக்கொண்டு, "எனக்கு அளவு பாத்து வாங்கலயே" என்றாள். அதில் குறை ஒன்றும் இல்லை. ரவிக்கை தைக்கிறவரிடம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

மறுநாள் மதியம் எங்களைக் கொண்டுபோனது மீனவர்களின் ஃபைபர் படகு. கடலோரக் குப்பத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்த வாரத்தில் சென்னை முழுக்க அவர்கள் அப்படி வந்தார்கள். அரசாங்கம் கூப்பிட்டும் வந்தார்கள், கூப்பிடாமலும் வந்தார்கள். படகின் முன்னால் நின்ற பையனுக்கு இருபது வயதிருக்கும். "ஆயா, கையக் குடு" என்று அம்மாவைக் குழந்தையைப் போல் தூக்கி உட்கார வைத்தான். அவன் உடம்பில் பனியன் மட்டும்தான். கடலுக்குப் போகும்போதாவது லைஃப் ஜாக்கெட் போடுவாயா என்று கேட்டேன். "அத்தப் போட்டுக்கினு வலை இழுக்க முடியாதுண்ணே. பட்டை வலையில மாட்டிக்கும், நம்மளையும் சேத்து இழுத்துக்கும். வேர்த்து ஊத்தும். கழட்டிப் பொட்டி மேல போட்டுடுவோம்." இரண்டு வருடம் கழித்து ஒக்கிப் புயல் வந்தபோது, கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் கிடந்து கரை சேர்ந்த குமரி மீனவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அந்தப் பையன் ஞாபகம் வந்தது. அவன் சொன்னதில் தவறே இல்லை. வலையில் மாட்டாத, வேர்க்காத, போட்டிருப்பதே தெரியாத ஒன்றை அவன் கைக்கு எட்டும் விலையில் நாம்தான் இன்னும் கொடுக்கவில்லை. இன்று மகள் போட்டிருக்கும் சட்டையின் விலை அவனுக்கு எத்தனை நாள் பாடு என்று கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீர் வடிந்து வீட்டுக்குள் போனபோது பருத்தி மெத்தைகள் சேறு குடித்துத் தரையோடு ஒட்டிக் கிடந்தன. பீரோ சாய்ந்திருந்தது. நிலைச்சட்டத்தில் நாலரை அடி உயரத்தில் பழுப்புக் கோடு. கட்டில் இருந்த இடத்துக்கு மேலே, ஜன்னல் திண்டில், அம்மாவின் இலவம்பஞ்சுத் தலையணை. தண்ணீரோடு ஏறி, தண்ணீர் இறங்கும்போது அங்கே தங்கிவிட்டிருந்தது. அதற்கு எதிரே கதவாணியில் அந்த மஞ்சள் சட்டை, இன்னும் விறைப்பாக. விளக்கு மட்டும் அணைந்திருந்தது. அம்மா தலையணையை எடுத்துப் பிழிந்து பார்த்தாள். உறைதான் நனைந்திருந்தது, உள்ளே அவ்வளவாக ஈரமில்லை. வெயிலில் போட்டு மறுபடி அதிலேயே படுத்தாள். 2019இல் போகும்வரை அதிலேயேதான் படுத்தாள்.

இன்று இரவு எட்டரை. மகளைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் அமுக்கிப் பார்த்தோம். கல் மாதிரி நின்றது. குழாயின் மூடியைத் தலைகீழாக வைத்து அழுத்தினால் காற்று வெளியே வரும். பெரிய பெருமூச்சு போல வந்தது, என் நேற்றைய மூச்சுதான். கடைசிக் காற்றுவரை சுருட்டி வெளியேற்றினாள். குப்பியைத் திருகிக் கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்தாள். குறைந்தபட்ச எடை குப்பியின் உடம்பிலேயே அடித்திருக்கும். அதற்குக் குறைந்தால் வாயு கசிந்திருக்கிறது. சரியாக இருந்தது. உள்ளே இருப்பது 33 கிராம் கரியமில வாயு, ஒரு சிறு எலுமிச்சை எடை. மறுபடி கையால் இறுக்கினாள். படகின் அதிர்வில் இது கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன்னால் திருகிப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பச்சை அடையாளம் தெரிகிறதா என்று பார்த்தாள். மடிப்புகளைப் படத்தில் இருப்பது போலவே மடித்து மூடினாள்.

"போட்டுக்கிட்டுக் கொஞ்ச நேரம் வீட்டு வேலை பாரு" என்றேன். தொடைப் பட்டைவரை மாட்டினாள். சாதம் வடித்தாள். கீழே உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினாள். பாட்டியின் படத்துக்கு முன்னால் விளக்கைத் தூண்டிவிட்டாள். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் பேசாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றேகால் மணி நேரம். ஒருமுறைகூடக் கழுத்தருகே கை போகவில்லை.

திடீரென்று மாடித் தகரத்தில் சடசடவென்று சத்தம். மார்கழிக் கடைசியில் எதிர்பாராத மழை. "ஐயோ, துணி!" என்று எழுந்து ஓடினாள். கழற்றிவிட்டுப் போ என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. மாடிப்படியில் அவள் கால் சத்தம் ஏறிப் போனது. இரண்டு நிமிடத்தில் தலை, முகம், தோள் எல்லாம் நனைந்து, கை நிறையத் துணியோடு இறங்கி வந்தாள். சட்டை ஊதவில்லை. தோளில் துண்டு போலக் கிடந்தது. துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு, "ஏம்ப்பா அப்படிப் பாக்குற?" என்று கேட்டாள்.